நான்காவது கட்டம்

29-10-61, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். முருங்கைக் கிளை ஒடிந்து கோழிக்கூண்டின் மேல். கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குடையில் ஒரு கம்பி கழன்று தொங்குகிறது. தைக்கணும்.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் பிலோமினா. மேலத்தெரு அன்னம்மாள் மகள். திருச்சி பஸ்ஸில் வந்தவள் இன்னும் தன் வீட்டுக்கே போகவில்லை. என் வீட்டுக்காரி ரோசம்மா விசாரணை நடத்திக்கொண்டிருந்தாள்.

"அங்கன அரிசி கெடைக்குமாடி?"

"கெடைக்கும்னு சொல்றாங்கம்மா."

"புளி?"

"அது தெரியலம்மா."

"புளி தெரியாத ஊருக்கு என்னத்துக்குடி போற?"

அப்படித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அமெரிக்கா.

பி. என்னிடம் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பிலும் பூகோளம் படித்தவள். என் மகன் அருளோடு ஒரே பெஞ்சு வரிசை. இப்போது திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் சரித்திர லெக்சரர். அருள் ஆலங்குடித் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதவில்லை.

படிப்பு இரண்டு வருஷம். பொது நிர்வாகம், சர்வதேச விவகாரம் இரண்டும் சேர்ந்த எம்.ஏ. முடித்தால் டில்லியில் வெளிநாட்டு இலாகாவுக்கோ, வெளியில் பல தேசத்தார் கூடி வேலை பார்க்கும் இடங்களுக்கோ போகலாமாம். உபகாரச் சம்பளம் கொடுத்தால்தான் போக முடியும். அதற்கு மூன்று சிபாரிசுக் கடிதம். கல்லூரித் தலைவி மதர் ஒன்று, சென்னைப் பேராசிரியர் ஒன்று. மூன்றாவது, சிறு வயதிலிருந்தே தெரிந்த ஆசிரியர் ஒருவர், உறவினராக இருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் சம்பளம் கிடைக்காது என்றாள்.

"யாரைக் கேட்டாலும் நல்லதா எழுதிருவாங்க சார். நீங்கதான் உள்ளத எழுதுவீங்க. அதான் வந்தேன்."

"அப்ப அறுபத்தேழு மார்க்குன்னுதான் எழுதணும்."

"அந்த மிச்சம் முப்பத்திமூணு எங்கிட்டுப் போச்சுன்னு இன்னைக்கும் தேடுறேன் சார்."

சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அவள் போன பிறகு பீரோவுக்குப் பின்னாலிருந்த பழைய உலகப் படத்தை எடுத்து விரித்துப் பார்த்தேன். ஓய்வு பெற்ற அன்று ஹெட்மாஸ்டர் எனக்கே கொடுத்துவிட்டது. நியூயார்க் இருக்கும் இடத்தில் நான் வகுப்பில் காட்டும் கம்பு பட்டுப் பட்டுக் காகிதம் வெளுத்து, ஊரே காணாமல் போயிருக்கிறது. முப்பத்துநாலு வருஷம் தொட்டிருக்கிறேன். நான் போன தூரம்: வடக்கே சென்னை, தெற்கே ராமேஸ்வரம்.

30-10-61, திங்கள்

மழை விட்டு விட்டு. வெந்தயம் வாங்கணும்.

பி. கொடுத்துவிட்டுப் போன சிபாரிசுப் பாரத்தைப் படித்தேன். நல்ல காகிதம். என் கல்யாணப் பத்திரிகை கூட இவ்வளவு கனம் இல்லை. எழுதியதை ஒட்டி நானே நேரடியாக அனுப்ப வேண்டும், பி. பார்க்கக் கூடாது. டிசம்பர் முதல் தேதிக்குள் அங்கே சேரணும். சேர்ந்ததும் எனக்கு ஒரு கார்டு போடுவார்களாம்.

கூடவே, ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தேன் என்று அவள் எழுதிய கட்டுரையின் கார்பன் நகல். இங்கிலீஷில் நான்கு பக்கம். அருள்தான் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கட்டுரையைப் படிக்கும்போது என் பெயர் எந்தப் பக்கத்தில் வரும் என்று பார்த்துக்கொண்டே போனேன். இரண்டாம் பக்கத்தில் வரும் என்று நினைத்தேன். கடைசிப் பக்கம் வரை நினைத்தேன்.

வந்தது போஸ்ட்மாஸ்டர் ராமையா!

பதினோரு வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் போஸ்டாபீசுக்குப் போவாளாம். ராமையாவுக்கு இங்கிலீஷ் எழுத்து கோணும் என்று இவளை ஸ்டூலில் ஏற்றி உட்கார வைத்து விலாசம் எழுதச் சொல்வாராம். பர்மா, மலேயா, இலங்கை. அப்புறம் கடிதம், அப்புறம் மனு. ஒரு தேசத்துக்கும் இன்னொரு தேசத்துக்கும் நடுவில் மனிதர்கள் எப்படி மாட்டிக்கொள்கிறார்கள் என்பதை அந்த ஜன்னலில்தான் கற்றாளாம்.

போஸ்ட்மாஸ்டர் என்ற சொல் ஏழு இடத்தில். பூகோளம் ஒரு இடத்தில் கூட இல்லை. இரண்டு தடவை எண்ணினேன்.

உலக உருண்டையை யார் காட்டியது? ஆரஞ்சுப் பழத்தை உரித்து தீர்க்கரேகை என்றால் என்ன என்று காட்டியது யார்? அந்த ஆரஞ்சைக் கடைசியில் தின்றவளே அவள்தான்.

31-10-61, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது. வேட்டி இரண்டு காய்ந்தது. வெந்தயம் மறந்துவிட்டது.

கவர் வாங்கும் சாக்கில் போஸ்டாபீஸ். ராமையா ஒரு நோட்டில் பசை தடவிக்கொண்டிருந்தார். ஊரார் கொடுக்கும் அந்நிய தேசத்து ஸ்டாம்பெல்லாம் ஒட்டி வைத்திருக்கிறார். பர்மா ஆறு பக்கம், இலங்கை பதினைந்து பக்கம். அமெரிக்கா என்று தலைப்பு எழுதி ஒரு பக்கம் காலி.

சோதிக்க வேண்டும் என்று தோன்றியது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"போஸ்ட்மாஸ்டர், பனாமா கால்வாய் எங்கிட்டு இருக்கு, தெரியுமா?"

"ஏர் மெயிலா சாதா மெயிலா சார்? அதச் சொல்லுங்க மொதல்ல."

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்குறதுன்னா எங்கிட்டு இருந்தா என்ன சார்!"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கவர் வாங்காமலே வந்துவிட்டேன்.

1-11-61, புதன். சகல அர்ச்சிஷ்டவர்கள் திருநாள்

கோயிலில் கூட்டம். சாமியார் பிரசங்கம் நீளம். ஈரச் சேலை வாசனை.

பூசை முடிந்து வாசலில் அன்னம்மாளைச் சுற்றி ஒரு வட்டம்.

"எம்மக போற ஊருல வீடு எம்பது மாடியாம்."

"தண்ணி எப்படி மேல ஏத்துவாக?"

"அதெல்லாம் பிலோ போய்ப் பாத்து எழுதுவா." என்னைப் பார்த்துவிட்டாள். "சாருதான் காயிதம் குடுக்குறாரு. சாரு கையிலதான் எல்லாம் இருக்கு." கும்பிட்டாள். வயல் வேலையில் காய்த்த கை. புருஷன் போன பிறகு அந்தக் கையால்தான் பெண்ணைப் படிக்க வைத்தாள். எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த எண்பது மாடி எனக்கு எரிச்சலாக இருந்தது.

கூட்டத்தில் ஒருவர்: "நம்ம அருளு இன்னும் ஆலங்குடிதானா சார்?"

"ஆலங்குடிதான்."

"பக்கம். நல்லது."

வீட்டுக்கு வந்ததும் ரோசம்மா, "என்னத்துக்கு மொகத்த இப்படி வச்சிருக்கீங்க? பல்லு வலியா?" என்றாள். ஆமாம் என்றேன். கிராம்பு கொடுத்தாள். வலிக்காத பல்லில் அரை மணி நேரம் கிராம்பு.

2-11-61, வியாழன். கல்லறைத் திருநாள்

அப்பா அம்மா கல்லறைக்கு மெழுகுதிரி. காற்றில் நிற்கவில்லை. நாலு தடவை ஏற்றினேன்.

மத்தியானம் பாரத்தை முடித்தேன்.

கேள்வி: உங்களிடம் படித்த எல்லா மாணவர்களிலும் இவருடைய இடம் என்ன? ஐந்து கட்டம். 1. நூற்றில் முதல் ஒருவர். 2. முதல் ஐந்து பேரில். 3. முதல் பத்துப் பேரில். 4. முதல் கால்வாசியில். 5. முதல் பாதியில்.

நான்காவதில் டிக்.

நம் பள்ளிக்கூடத்தில் அறுபது என்றால் முதல் வகுப்பு. என் சர்வீசில் அதிகமாகப் போட்டது அறுபத்தெட்டு. அதுவும் ஒரே ஒரு தடவை, இன்ஸ்பெக்டர் பக்கத்தில் இருந்ததால். நூறு என்றால் தவறே இல்லை என்று அர்த்தம். அப்படி யார் இருக்கிறார்கள்? சொந்த மகனுக்கே அறுபத்தொன்று. ஆகவே கால்வாசிக்குள் என்பது என் கையால் பெரிய மரியாதை.

கீழே அபிப்பிராயம் எழுத அரைப் பக்கம் இடம். மூன்று வரி எழுதினேன். "நல்லொழுக்கம் உடையவர். உழைப்பாளி. கையெழுத்து தெளிவாக இருக்கும்." இங்கிலீஷில்.

நாலு மணிக்கு ராமையாவிடம் ரிஜிஸ்டர் பண்ணிக் கொடுத்தாயிற்று. இன்றைய பை போய்விட்டது, நாளை பஸ்ஸில் போகும் என்றார். உள்ளதை எழுதியாயிற்று. மனசு லேசு.

3-11-61, வெள்ளி

ராத்திரி பூராவும் கொட்டியிருக்கிறது. கிணறு கைக்கெட்டும் தூரத்தில். அவரைப் பந்தல் சாய்ந்தது. தரைப்பாலத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர், பஸ் இல்லை. தபால் பை போகவில்லையாம்.

மனசு லேசாக இல்லை. காரணம் தெரியவில்லை.

(தெரியும்.)

4-11-61, சனி

மழை இல்லை. தண்ணீர் இன்னும் வடியவில்லை.

மூன்று மணிக்கு அருள். பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி, கால்சட்டையை மடித்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்து நடந்து வந்திருக்கிறான். தலையில் பை. பைக்குள் அம்மாவுக்கு முந்திரிப்பருப்பு. ரோசம்மா முதலில் திட்டினாள், பிறகு தலையைத் துவட்டினாள்.

சாப்பிடும்போது கேட்டேன். "பிலோ போறது ஒனக்கு ஒண்ணும் இல்லையாடா?"

"எனக்கென்னப்பா? ஆலங்குடி பஸ்ஸுலயே எனக்கு வாந்தி வருது. ஏரோப்பிளேன்ல என்னத்தப் பண்ணுவேன்?"

அம்மாவும் மகனும் சிரித்தார்கள். அவனுக்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லை. இத்தனை நாளும் இவனுக்காகத்தான் என் வயிறு எரிகிறது என்று நினைத்திருந்தேன். இவன் இரண்டாவது தடவை ரசம் கேட்கிறான்.

அப்புறம் அவனாகவே சொன்னான். பி.யின் கல்லூரி மதர் அந்த நாட்டுக்காரர். அவர் சொன்னாராம்: "எங்க ஊர்ல ரெண்டாவது கட்டத்துல டிக் போட்டாலே இந்தப் பொண்ணுக்கு என்ன கோளாறுன்னு கேப்பாங்க. மூணுக்குக் கீழ போட்டா வேண்டாம்னு அர்த்தம். கடிதத்த அதோட மூடி வச்சிருவாங்க."

"பிலோ அத ஒங்ககிட்டச் சொல்லலப்பா. சொன்னா மார்க் கேக்குற மாதிரி ஆயிரும்னு. நீங்க மொதக் கட்டந்தானே போட்டீங்க?"

"அது ரகசியம்டா."

சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். தாலுகா ஆபீசில் மனு கொண்டு வருபவர்களை இப்படித்தான் பார்ப்பானோ என்னவோ.

"எனக்கு அறுபத்தொண்ணு போட்டீங்க. நான் ஒண்ணும் சொல்லலப்பா. எனக்கு அது சரிதான்."

அவ்வளவுதான். கை கழுவப் போய்விட்டான்.

5-11-61, ஞாயிறு

வெயில். எல்லாரும் பாயைக் காயப் போட்டிருக்கிறார்கள்.

நற்கருணை வாங்க எழுந்திருக்கவில்லை. ரோசம்மா திரும்பிப் பார்த்தாள். "மறந்தாப்புல ஒரு வாய் காப்பி குடிச்சிட்டேன், விரதம் போச்சு" என்றேன். கோயிலுக்குள் ஒரு பொய்.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. உள்ளதை எழுதுகிறேன்.

அந்த ஐந்து கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. "இங்கே விண்ணப்பிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் முதல் இரண்டு கட்டங்களில் இருப்பவர்கள் என்பதைக் கவனிக்கவும்." டிக் போடுவதற்கு முன்னால் அதைப் படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவையும் படித்தேன். அப்புறம்தான் நான்காவதில் போட்டேன்.

ஆகவே அறுபதுக்கு முதல் வகுப்பு என்கிற வழக்கமெல்லாம் சாக்கு. பரீட்சையில் பதில் தெரிந்தும் தப்பாக எழுதும் பிள்ளையை நான் பார்த்ததில்லை. அறுபது வயதில் பார்க்கிறேன்.

எதனால்? அருளுக்காக இல்லை. ராமையா ஒரு காரணம். அதுவும் முழுக் காரணம் இல்லை. என் கம்பு மட்டும் போய் வந்த ஊருக்கு அவள் காலோடு போகிறாள். அதுதான்.

பை இன்னும் போஸ்டாபீசில்தான் கிடக்கிறது. ராமையா வீடு நாலு வீடு தள்ளி. போய்க் கேட்கலாம். போகவில்லை. அந்த மனிதரிடம் எப்படிக் கேட்பது?

அருளை எல்லை வரை கொண்டுபோய் விட்டேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. நாளை பஸ் வரும் என்கிறார்கள்.

6-11-61, திங்கள்

நல்ல வெயில். காப்பி குடிக்கவில்லை. எட்டரைக்கே போஸ்டாபீஸ் வாசல்.

எனக்கு முன்னால் அந்தோணியம்மாள். களத்தில் கடலை உடைக்கப் போகிறவள். வழக்கமாக என்னைக் கண்டால் ஒதுங்கி நிற்பாள், இன்று நகரவில்லை.

"நீங்க பொறவு கேளுங்க சாரு. நான் விடியயில இருந்து நிக்கிறேன். போஸ்ட்டு, எனக்கு ஏதாச்சும் வந்துருக்கா?"

"பஸ்ஸே வரல, ஒனக்கு மட்டும் நீந்தியா வரும்?" ராமையா கதவைத் திறந்துகொண்டே சொன்னார்.

அவள் புருஷன் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில். தாய் சாவுக்கு என்று இவள் மட்டும் வந்தவள், திரும்பிப் போகக் காகிதம் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். அவன் இங்கே வந்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். அந்த ஊரும் அவனைத் தன் பிரஜை என்று சொல்லவில்லை, இந்த ஊரும் சொல்லவில்லை. ஊருக்குள் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். எனக்கும் தெரியும். இலங்கையைக் கரும்பலகையில் மாங்காய் மாதிரி வரைந்து காட்டுவேன். அதற்குள் இவள் புருஷன் இருக்கிறான் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

"எத்தனை மனு போட்டிருக்கே?" என்று கேட்டேன்.

"ஒம்பது சாரு. பெரிய பெரிய ஆளெல்லாம் எழுதிக் குடுத்தாக. பிலோப் புள்ள சின்னதுல எழுதுனதுக்கு மட்டுந்தான் பதிலு வந்துச்சு."

"என்னன்னு?"

மடியிலிருந்து எடுத்தாள். ஜெப புஸ்தகத்துக்குள் நாலாக மடித்த காகிதம், மடிப்பில் கிழிந்து பசை ஒட்டியது. மனு கிடைத்தது, பரிசீலனையில் இருக்கிறது. இரண்டே வரி.

"பரிசீலனைன்னா பாக்குறாகன்னுதான சாரு அர்த்தம்?"

"ஆமா."

"பாக்கட்டும். யாரும் பாக்காம இருந்ததுக்கு இது தேவல."

அந்த மனுவில் அப்படி என்னதான் எழுதியிருந்தாள் என்று ராமையாவிடம் கேட்டேன். அவருக்கு மனப்பாடம். மற்றவர்கள் எல்லாம் ஐயா, ஏழை, இரங்க வேண்டும் என்று எழுதினார்களாம். பன்னிரண்டு வயதுப் பெண் இவளை உட்கார வைத்துக் கேட்டு, தோட்டத்தின் பெயர், கப்பல் ஏறிய நாள், ஞானஸ்நானப் பதிவு எண், அவன் அப்பன் பிறந்த கிராமம், ஒன்று இரண்டு என்று நம்பர் போட்டு எழுதி, கடைசியில் ஒரு கேள்வி மட்டும் கேட்டிருக்கிறாள்: "இவருக்கு எந்தத் தேசம் பொறுப்பு என்று தெரிவிக்கவும்."

அந்த வருஷம் அவள் என் வகுப்பில் இருந்தாள். நதிகளின் பெயரில் ஒன்றை விட்டதற்கு இரண்டு மார்க் குறைத்தேன்.

"போஸ்ட்மாஸ்டர், வியாழக்கிழமை நான் குடுத்த ரிஜிஸ்டர் எனக்குத் திருப்பி வேணும்."

"வெலாசம் தப்பா?"

"மார்க்கு தப்பு."

"ஒங்களுக்கா சார்? மார்க்கா?" கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "பை கட்டியாச்சே. சரி, அனுப்புனவரு நாந்தான்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. சட்டுனு. பஸ்ஸு பாலம் தாண்டிருச்சுன்னு சொல்றாக."

எழுதினேன். ரசீதை வைத்துக் கையெழுத்தை ஒத்துப் பார்த்தார். முப்பது வருஷமாக என்னைத் தெரிந்தவர், ஒத்துத்தான் பார்த்தார். சரிதான். நானும் அப்படித்தான் செய்வேன்.

கவரைப் பிரித்தேன். வேறு பாரம் கிடையாது. சுரண்டினால் மோசடி மாதிரித் தெரியும். மார்க் ரிஜிஸ்டரில் திருத்துவதற்கு நமக்கு ஒரு முறை இருக்கிறது: பழையது தெரியும்படி ஒரே கோடு, பக்கத்தில் புதியது, சுருக்கொப்பம், தேதி. அப்படியே செய்தேன். நான்காவது கட்டத்தில் ஒரு கோடு. முதல் கட்டத்தில் டிக். ஞா. 6-11-61. அங்கே இருப்பவர்கள் இரண்டையும் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

மிச்ச இடத்தில் அந்தோணியம்மாளின் மனுவைப் பற்றி எழுதினேன், போஸ்டாபீஸ் பேனாவில், நின்றபடியே. இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். சர்வீஸ் பூராவும் உதாரணம் சொல்லாமல் ஒரு பாடம் நடத்தியதில்லை. காற்றழுத்தத்துக்குக் கூடச் சைக்கிள் ட்யூபைக் காட்டினேன். இந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் உதாரணமே இல்லாமல் மூன்று வரி எழுதியிருந்தேன். அங்கேயே என் குட்டு வெளிப்பட்டிருக்கிறது.

ராமையாவின் பெயரையும் எழுத வேண்டி வந்தது. எழுதினேன். சின்ன எழுத்தில்.

பஸ் ஹாரன். ராமையா புதுக் கவரை ஒட்டி, அரக்கு வைத்து, முத்திரை குத்தி, பையைத் திரும்பக் கட்டி, அவரே ஓடிக் கண்டக்டர் கையில் கொடுத்தார். நானும் பின்னால் ஓடினேன், ஏன் என்று தெரியவில்லை. ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது.

பஸ் திரும்பிக் கோயிலுக்கு அப்பால் மறைந்தது. எரிச்சல் அப்படியேதான் இருந்தது. கொஞ்சம் குறைந்திருந்தது என்று எழுதினால் அதுவும் கூடுதல் மார்க்.

ராமையா மூச்சு வாங்கிக்கொண்டே, "சார், சேந்துருச்சுன்னு அங்கன இருந்து ஒங்களுக்கு ஒரு கார்டு வரும்ல?" என்றார்.

"வரும்."

"அந்த அமெரிக்கா ஸ்டாம்பு எனக்குக் குடுத்துருங்க. ஒரு பக்கம் காலியாக் கெடக்கு."

"அது எனக்கு" என்றேன்.